பதினைந்து வரை சும்மா

என் கையில் இரண்டு பித்தளைத் தட்டுகள்.
பதினைந்து வரை சும்மா இருக்க வேண்டும்,
பதினாறில் ஒரே ஒரு அடி.
பூமாதேவி டீச்சர் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

ஆடி மாதக் கச்சான்
பாம்பன் தெற்குவாடியில்
யாரையும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விடாது.
நம்புவேல் பியூகிளை எடுத்து
'முன்னே நட' என்று ஊதினால்
அது தண்டவாளத்தைத் தாண்டிப் போய்
யார் வீட்டு ஆட்டையோ எழுப்பும்.
கடைசி வரிசையில் நிற்கும் எங்களுக்கு வந்து சேராது.
முன்னால் போகிறவளின் குதிகாலைப் பார்த்து நடந்தோம்.

மைதானமோ பாதி மணல்.
இடது எது வலது எது என்று
மணல் சத்தம் காட்டாது.
தார் ரோட்டுக்கு வந்தால் ஐஸ் லாரி.
ஒவ்வொரு லாரிக்கும் வரிசை இரண்டாகப் பிரிந்து
மறுபடி ஒட்டும்.
ஒட்டும்போது ஒருத்தி கூடுதலாக இருப்பாள்:
ஆறாம் வகுப்பு சகர்பானு,
கையில் இரண்டு சிரட்டையோடு.
டீச்சர் பார்ப்பார். விரட்டமாட்டார்.

வெள்ளை ஷூ பன்னிரண்டு ஜோடி வந்தது.
நாங்கள் முப்பத்திரண்டு பேர்.
மிச்சப் பேரின் கறுப்பு ஷூவில்
சாக்பீஸைக் கரைத்துப் பூசினோம்.
காய்ந்ததும் ஒவ்வொரு எட்டுக்கும் கொஞ்சம் உதிர்ந்தது.

பெரிய டிரம் அன்சல்மாவுடையது.
பள்ளிக்கூடத்துடையதுதான்,
ஆனால் வேறு யாருக்கும் தூக்கத் தெம்பில்லை.
இரண்டு பக்கமும் ஆட்டுத்தோல்.
உப்புக்காற்றைக் குடித்துக் குடித்து
மத்தியானத்துக்குள் தொய்ந்துவிடும்.
அதன்பின் டம் வராது.
தொப் என்று ஈரச் சாக்கு விழும்.

ஆகஸ்ட் பதினைந்து, விடிய நாலு மணி.
பஸ் கதவுக்குள் டிரம் நுழையவில்லை.
சாய்த்துப் பார்த்தோம். டிரைவர் இறங்கி வந்து
தானும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார்.
கடைசியில் அது
அன்சல்மாவின் சித்தப்பா வண்டியில் போனது,
நகரைக்கும் கணவாய்க்கும் நடுவில்.
அவளும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கூடவே போனாள்.
நான் பாலத்து விளக்குகளை எண்ணினேன்.
பதினாறாவது விளக்குக்கெல்லாம்
உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது.

ராமநாதபுரம், ஆயுதப்படை மைதானம்.
தோளில் வெள்ளிக் கயிறு தொங்கும் பள்ளிகள்.
எங்கள் டிரம்மிலிருந்து சொட்டியது ஐஸ் தண்ணீர்.
அன்சல்மா ஒரு அடி வைத்தாள்.
தொப்.
வெள்ளிக் கயிறுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

அவள் சுற்றிலும் பார்த்தாள்.
நேரே போனாள் போலீஸ் ஜீப்புக்கு.
பானெட்டின் மேல் டிரம்மைப் படுக்க வைத்து,
டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம்
"இஞ்சினை மட்டும் கொஞ்சம் போட்டுவிடுங்கண்ணே,
பத்து நிமிஷம்" என்றாள்.
அவர் டிரம்மைப் பார்த்தார். குனிந்து மோந்தார்.
"கணவாயா?"
"ஆமா."
"எந்த ஊரு?"
"பாம்பன்."
டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச்
சாவியைத் திருப்பினார்.

ஒரு பக்கம் காய்ந்தது.
விரலால் சுண்டினால் தெறித்தது.
மறுபக்கம் திருப்புவதற்குள் விசில்.

நடந்தோம்.
இடது காலுக்கு டம்.
வலது காலுக்குத் தொப்.
டம். தொப். டம். தொப்.
இத்தனை நாளில் முதல்முறையாகக்
கடைசி வரிசைக்கும் தெரிந்தது
எது இடது கால் என்று.
டீச்சர் ஓரத்தில் ஓடி வந்தபடி
வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.
பின்னால் எங்கேயோ
பட்டியலில் இல்லாத இரண்டு சிரட்டைகள்.

மேடை நெருங்கியது.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது, பத்து.
டிரம்மின் விளிம்பில் ஒட்டியிருந்த
ஒரு நகரைச் செதில்
வெயில் பட்டு மினுங்கியது.
எதுவரை எண்ணினேன் என்பது
அங்கேயே விழுந்துவிட்டது.

தட்டுகளை விரித்தேன்.